நான் பழித்த பலகணி

ஒருவரைப் பற்றி ஊர் சொல்லும் சொல்லை நம்பி, அவர் வீட்டு வாசலை மிதியாமலே இருந்துவிட்டுப் பல்லாண்டுகள் கழிந்தபின், அவர் நமக்குச் செய்யக் காத்திருந்த நன்மை இன்னதென்று தெரியவந்தால் நெஞ்சம் எத்துணைக் கூசும்! அத்தகைய கூச்சம் எனக்கும் ஒருமுறை நேர்ந்தது. ஆனால் அது ஒரு மனிதரால் வந்ததன்று. கணிப்பொறியின் இயங்குதளம் ஒன்றினால் வந்தது. 'விண்டோஸ் விஸ்டா' என்பது அதன் பெயர். விண்டோஸ் என்றால் பலகணிகள். விஸ்டா என்றால் காட்சி. பெயரில் இத்தனை அழகிருந்தும், அதனைப்போல் வசைமாரியை ஏற்ற இயங்குதளங்கள் மிகச் சிலவே.

இலக்கிய ஏட்டில் இதற்கு என்ன இடம் என்று வாசகர் வினவலாம். எழுத்து எவ்வாறு தாளில் ஏறுகிறது என்பது எழுதுவோருக்கும் படிப்போருக்கும் புறம்பான செய்தியன்று. அதிலும், ஒரே பக்கத்தில் இரண்டு எழுத்துக்களை வைத்து வாழ்ந்தவர்கள் நாம். இந்த வரலாறு நமக்கு வேண்டுவதே.

நான் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த நாளில், அரபும் தமிழும் கலந்த நூலொன்றை அச்சிடுவது பெரும்பாடு. தமிழ்ப் பகுதியைக் கோத்துவிட்டு, அரபுச் சொல் வரவேண்டிய இடங்களையெல்லாம் வெற்றிடமாக விட்டுவைப்பார்கள். கையெழுத்து வல்லார் ஒருவர் நாணற் பேனாவால் அச்சொற்களைத் துண்டுத் தாள்களில் எழுதித் தருவார். அவற்றை வெட்டி, அந்த வெற்றிடங்களில் ஒட்டி, படம்பிடித்து அச்சேற்றுவார்கள். ஒட்டும்போது ஒரு துண்டு இடம் மாறினால், ஒரு சொல்லின் பொருள் இன்னொரு சொல்லுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அச்சுப்படி திருத்துகையில் இப்படி இடம் மாறிய துண்டுகளை நானே கண்டிருக்கிறேன்.

இந்த இடர்ப்பாட்டுக்குக் காரணம் எழுத்துக்களின் இயல்பிலேயே இருக்கிறது. அரபு வலமிருந்து இடம் செல்வது. தமிழ் இடமிருந்து வலம் செல்வது. அரபில் ஓர் எழுத்து தனித்து நிற்கும்போது ஒரு வடிவும், சொல்லின் முதலில் ஒரு வடிவும், இடையில் ஒரு வடிவும், கடையில் ஒரு வடிவும் கொள்ளும். நம் தமிழும் இதற்கு இளைத்ததன்று. 'கெ' என்று நாம் ஒலிக்கும்போது மெய் முன்னும் உயிர் பின்னுமாக வருகின்றன. எழுதும்போதோ உயிரின் குறி முன்னே வந்து நிற்கிறது. 'கொ' என்னும்போது அக்குறி ககரத்தின் இருபுறமும் காவல் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியும் வரிசை ஒன்று. நாவுக்குத் தெரியும் வரிசை வேறொன்று. ஆங்கில எழுத்துக்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப் பழகிய பொறி இவ்விரண்டின் முன்னும் திகைத்து நின்றதில் வியப்பென்ன?

உலக மொழிகளின் எழுத்துக்கள் யாவற்றுக்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி என்னும் முறையின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதிலேயே அரபும் தமிழும் இடம்பெற்றன. பொறியின் நினைவில் ஒலிக்கும் வரிசைப்படியே எழுத்தை வைப்பது, திரையில் காட்டும்போது மட்டும் உரிய வடிவையும் திசையையும் கொடுப்பது என்பதே அதன் வழி. எண் கொடுத்தால் மட்டும் போதாது. அவ்வெண்ணைப் படித்து வடிவம் கொடுக்கும் திறமும் இயங்குதளத்தில் இருக்கவேண்டும். விண்டோஸ் வரிசையில் அத்திறம் தமிழுக்கு 2000ஆம் ஆண்டின் பதிப்பிலேயே வந்துவிட்டது. அதற்கென 'லதா' என்னும் எழுத்துருவும் உடன் வந்தது.

ஆனால் 2001 அக்டோபரில் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'எக்ஸ்பி' என்னும் பதிப்பில் ஒரு சிக்கல் இருந்தது. அதன் ஆங்கிலப் பதிப்பை நிறுவினால் இத்திறம் தானாக வந்து சேராது. மொழி அமைப்புக்கான பகுதியைத் தேடிச் சென்று, 'சிக்கலான எழுத்துக்களும் வலமிருந்து இடம் செல்லும் மொழிகளும்' என்னும் பொருள்பட எழுதப்பட்டிருந்த கட்டத்தில் குறியிடவேண்டும்; பிறகு நிறுவற்குறுந்தகட்டை உள்ளே இடவேண்டும். அந்த ஒரு கட்டத்துக்குள்தான் தமிழும் அரபும் அருகருகே அடைந்து கிடந்தன என்பதை நான் அறிந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. அறிந்ததோ வெகு காலம் கழித்து.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு இலக்கணம் கற்பித்த உஸ்தாத் ஒருவர் நாற்பதாண்டுக் காலம் அரபு - தமிழ்ச் சொற்றொகுதி ஒன்றைச் சேர்த்து வந்தார். ஏறத்தாழ மூவாயிரம் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் வேர்ச்சொல், தமிழ்ப் பொருள், நம் முன்னோர் வழக்கில் அச்சொல் கொண்ட திரிபு ஆகியவற்றைத் தடித்த குறிப்பேடுகளில் எழுதிவைத்திருந்தார். 2007ஆம் ஆண்டின் நடுவில் அவற்றை என் கையில் கொடுத்து, "இதை அச்சில் பார்த்துவிட்டால் போதும்" என்றார். அவருக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கியிருந்த காலம் அது.

அப்பணிக்காகவே கணிப்பொறி ஒன்றை வாங்கினேன். அதில் விஸ்டா இருந்தது. கடைக்காரர் விலையைக் குறைத்துக் காட்டுவதற்காக நினைவகத்தை 512 மெகாபைட்டோடு நிறுத்தியிருந்தார். அந்த அளவு விஸ்டாவின் ஆகக்குறைந்த தேவை. அதன் எழிலெல்லாம் விளங்கவேண்டுமானால் அதைப்போல் இருமடங்கு வேண்டும். இதை நான் அறியேன். பொறி எறும்பாய் ஊர்ந்தது. என்னிடம் ஓதி, பின்னர் கணிப்பொறித் தொழில் கற்ற இளைஞர் ஒருவர் வந்து பார்த்தார். "ஹஜ்ரத், இன்னும் ஒரு துண்டு நினைவகம் போட்டால் ஓடும். இதை மாற்றிவிடாதீர்கள். உங்கள் வேலைக்கு இதுதான் ஏற்றது" என்றார்.

நான் கேட்டேனா? இல்லை. பத்திரிகைகளில் வந்த ஏளனங்களை ஏற்கெனவே படித்திருந்தேன். "தம்பி, உலகமே வேண்டாமென்று தள்ளுவதை நீர் என் தலையில் கட்டப் பார்க்கிறீரா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் வாடியது. மறுசொல் சொல்லாமல் எழுந்து போனார். சில வாரங்களில் பிழைப்புக்காக வளைகுடா நாட்டுக்குப் புறப்பட்டும் விட்டார்.

*

உலகம் அப்படி என்னதான் சொல்லிற்று? அதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்; ஏனெனில் அந்தக் குற்றச்சாட்டுகள் யாவும் பொய்யல்ல.

எக்ஸ்பி வெளிவந்த காலத்திலேயே அதன் வாரிசை ஆக்கும் வேலை 'லாங்ஹார்ன்' என்னும் புனைபெயரில் தொடங்கியது. 2003இல் அது வெளிவரும் என்று முதலில் எண்ணினார்கள். இடையில் நச்சுநிரல்களின் தாக்குதல்கள் எக்ஸ்பியை உலுக்கின. 2003 ஆகஸ்டில் பரவிய 'பிளாஸ்டர்' அவற்றுள் ஒன்று. பொறியாளர்கள் பலர் பழைய வீட்டின் சுவர்களைப் பலப்படுத்தத் திருப்பப்பட்டனர். 2004இல், அதுவரை கட்டியதைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்துவிட்டு, வேறோர் அடித்தளத்தின்மீது புதிதாகத் தொடங்க நேர்ந்தது. கோப்புகளைப் பொருள்வழி தேடித் தருவதாகச் சொல்லப்பட்ட 'வின்எஃப்எஸ்' என்னும் சேமிப்புமுறை அப்போதே கைவிடப்பட்டது. இறுதியில் 2006 நவம்பர் 30இல் வணிக நிறுவனங்களுக்கும், 2007 சனவரி 30இல் பொதுமக்களுக்கும் விஸ்டா வந்து சேர்ந்தது. எக்ஸ்பிக்கும் இதற்கும் இடையே ஐந்தாண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. இத்தனை காலம் காத்திருந்தவர்களின் எதிர்பார்ப்பு மலையளவு வளர்ந்திருக்குமன்றோ?

வந்ததில் புதுமைகள் இல்லாமற் போகவில்லை. கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் சாளர விளிம்புகள். 'ஏரோ' என்று அதற்குப் பெயர். திறந்திருக்கும் சாளரங்களை ஏடுகள் சாய்ந்து நிற்பதுபோல் வரிசையாகக் காட்டும் முறை. தொடக்கப் பட்டியலிலேயே பெயரைத் தட்டினால் கோப்பைத் தேடித் தரும் கட்டம். திரையோரத்தில் கடிகாரமும் நாட்காட்டியும் தாங்கிய பட்டை. சில பதிப்புகளில், வட்டு முழுவதையும் மறைக்குறியாக்கிப் பூட்டும் 'பிட்லாக்கர்'. செருகுநினைவகத்தைக் கொண்டு வேகத்தைக் கூட்டும் உத்தி.

இவற்றினும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. எக்ஸ்பியில் வீட்டுக்குள் நுழைந்த நிரல் எதுவும் பெரும்பாலும் வீட்டுத் தலைவரின் அதிகாரத்தோடேயே உலவியது. விஸ்டா அதற்கொரு வாயிற்காவலரை நிறுத்தியது. அமைப்பில் கை வைக்கும் செயல் எதுவானாலும், திரை இருண்டு, "இதற்கு நீர் இசைகிறீரா?" என்று கேட்கும். நோக்கம் நல்லது. ஆயினும் காவலர் அடிக்கடி கேட்டார். கேட்டுக் கேட்டு மக்களைச் சலிப்படையச் செய்தார். ஆப்பிள் நிறுவனம் தன் விளம்பரத்தில், ஒவ்வொரு சொல்லுக்கும் குறுக்கிட்டு இசைவு கேட்கும் கறுப்புக்கண்ணாடி அணிந்த காவலரைக் காட்டி உலகைச் சிரிக்கவைத்தது. அளவுக்கு மீறிய அதிகாரம் கேட்கும் நிரல்களை எழுதுவோர் திருந்தவேண்டும் என்பதற்காகவே இத்தொல்லை வைக்கப்பட்டது என்னும் பொருள்பட மைக்ரோசாஃப்டின் பொறுப்பாளர் ஒருவர் 2008இல் வெளிப்படையாகவே பேசினார்.

வேறு குறைகளும் இருந்தன. திரைக்கும் பிற கருவிகளுக்குமான இயக்கிகளின் அமைப்பு மாற்றப்பட்டதால், பழைய அச்சுப்பொறிகளும் வருடிகளும் பல ஊமையாயின. வரைகலை அட்டை செய்வோர் தம் இயக்கிகளைச் செப்பம் செய்யாமலே வெளியிட, பொறிகள் முடங்கின. பழி முழுவதும் விஸ்டாவின் மேல் விழுந்தது. கோப்புகளைப் படியெடுப்பது தொடக்கத்தில் மந்தமாக இருந்தது. வீட்டுக்கு இரண்டு, அலுவலகத்துக்கு இரண்டு, யாவும் அடங்கியது ஒன்று, எளிய பதிப்பு ஒன்று எனப் பதிப்புகள் பெருகி, வாங்குவோரைக் குழப்பின.

எல்லாவற்றிலும் தலையாய பழி ஓர் ஒட்டுச்சீட்டால் வந்தது. விஸ்டா வருவதற்கு முன்பு 2006இல் விற்ற பொறிகள் சிலவற்றில் 'விஸ்டாவுக்கு ஏற்றது' என்னும் பொருளில் சீட்டு ஒட்டினார்கள். அவற்றுள் பல, ஏரோவின் எழில் இல்லாத எளிய பதிப்பை மட்டுமே தாங்கக்கூடியவை. ஏமாற்றப்பட்டோம் என்று சிலர் 2007இல் அமெரிக்க நீதிமன்றம் சென்றனர். 2008இல் அது பெருங்கூட்டத்தாரின் சார்பான வழக்காக ஏற்கப்பட்டது. 2009இல் அந்தத் தகுதி நீக்கப்பட்டது. ஆயினும் வழக்கின்போது வெளிவந்த நிறுவனத்தாரின் உள்மடல்கள், அவர்களுக்குள்ளேயே இச்சீட்டைப் பற்றி மனவேறுபாடு இருந்ததைக் காட்டிவிட்டன.

மக்கள் பழையதையே நாடினர். எக்ஸ்பியின் விற்பனையை நிறுத்தாதீர் என்று 'இன்ஃபோவேர்ல்டு' என்னும் இதழ் 2008இல் திரட்டிய விண்ணப்பத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர்.

அதே ஆண்டில் ஒரு விந்தை நடந்தது. விஸ்டாவைப் பயன்படுத்தாமலே வெறுத்த சிலரை அழைத்து, 'மொஹாவி' என்னும் புதிய இயங்குதளம் என்று சொல்லி ஒன்றைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். "நீங்கள் பார்த்தது விஸ்டாவேதான்" என்று பிறகு சொன்னார்கள். இதனால் விஸ்டாவின் குறைகள் மறைந்துவிட்டன என்று கொள்ளுதல் ஆகாது. நல்ல பொறியில், பழகிய கையொன்று ஓட்டிக் காட்டியதே அன்றி, பார்த்தவர்கள் அதனை வீட்டுக்குக் கொண்டுசென்று பழைய அச்சுப்பொறியோடு மல்லாடவில்லை. எனினும் ஒன்று மட்டும் தெளிவாயிற்று: அவர்கள் வெறுத்தது பொருளையன்று, பெயரை.

அந்தச் செய்தியைப் படித்து நானும் சிரித்தேன். அக்கூட்டத்தில் நானும் ஒருவன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

*

என் பொறியில் கடைக்காரர் எக்ஸ்பியை நிறுவிக் கொடுத்தார், குறுந்தகட்டைத் தரவில்லை. அக்கட்டத்தில் குறியிடவேண்டும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தமிழ்ச் சொற்கள் வெறுங்கட்டங்களாகத் தெரிந்தன. ஆகவே அக்காலத்தில் பலர் செய்ததையே நானும் செய்தேன். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணிடத்தில் தமிழ் எழுத்தின் உருவை வரைந்துவைத்த பழைய எழுத்துருவொன்றில் தமிழைத் தட்டினேன். அரபுச் சொல் வரும் இடங்களை வெற்றிடமாக விட்டேன். நான் மத்ரஸாவில் கண்ட அதே வெற்றிடங்கள்! கணிப்பொறி வாங்கியும் நான் நாணற் பேனாக் காலத்தைத் தாண்டவில்லை.

பகுதி பகுதியாகத் தாளில் எடுத்து உஸ்தாதிடம் கொண்டுசெல்வேன். நடுங்கும் கையால் அவர் அரபுச் சொற்களை நிரப்புவார். ஒரு பக்கத்துக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும். ஈராண்டுகள் இப்படிக் கழிந்தன. பாதிக்கும் குறைவாகவே முடிந்திருந்தது. 2009இன் நடுவில் உஸ்தாத் மறைந்தார்.

அவ்வாண்டு அக்டோபர் 22இல் 'விண்டோஸ் 7' வெளிவந்தது. உலகம் அதனை மாலையிட்டு வரவேற்றது. 2010இல் நானும் அத்தளம் கொண்ட புதுப் பொறி ஒன்றை வாங்கினேன். முதல் வேலையாகப் பழைய கோப்பைத் திறந்தேன். அந்த எழுத்துரு புதுப் பொறியில் இல்லாததால், ஈராண்டு உழைப்பு பொருளற்ற இலத்தீன் குறிகளின் குவியலாகக் கிடந்தது. பதைப்போடு விசைப்பலகை அமைப்பில் தமிழையும் அரபையும் சேர்த்துப் பார்த்தேன். இரண்டு விசைகளை ஒருசேர அழுத்தினால் தமிழ். மீண்டும் அழுத்தினால் அரபு. ஒரே வரியில் அரபுச் சொல் வலமிருந்து வந்து நின்றது. அதன் பக்கத்தில் தமிழ் இடமிருந்து தொடர்ந்தது. எழுத்துக்கள் தத்தம் வடிவைத் தாமே கொண்டன. எந்தக் கட்டத்திலும் நான் குறியிடவில்லை. எந்தத் தகட்டையும் இடவில்லை.

மகிழ்ச்சி தாங்காமல் வளைகுடாவில் இருந்த அந்த மாணவருக்குத் தொலைபேசியில் பேசினேன். "தம்பி, இதுவன்றோ இயங்குதளம்! அந்த விஸ்டாவை நீர் வைத்துக்கொள்ளச் சொன்னீரே!" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஹஜ்ரத், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இப்போது சொன்னதெல்லாம் விஸ்டாவிலேயே இருந்தது. எல்லா மொழிக்கும் வேண்டிய கோப்புகள் அதில் தாமாகவே வந்தன. அதைக் காட்டத்தான் அன்றைக்கு வந்தேன். விஸ்டாவின் உள்ளெண் 6.0. இதன் உள்ளெண் 6.1. அடித்தளம் ஒன்றுதான்."

அவர் சொன்னது உண்மை. விண்டோஸ் 7 எனும் வீடு விஸ்டா போட்ட அடித்தளத்தின்மீதே எழுந்தது. இயக்கிகளின் புதிய அமைப்பு அதேதான். இடைப்பட்ட மூன்றாண்டுகளில் கருவி செய்வோர் அதற்குப் பழகிக்கொண்டார்கள். வாயிற்காவலர் அவரேதான், கேள்விகளைக் குறைத்துக்கொண்டார். பொறிகளின் நினைவகமும் அதற்குள் வளர்ந்துவிட்டது. முன்னது நிலத்தைக் கொத்தியது. பின்னது விளைச்சலை எடுத்தது. கொத்தியதற்கு ஏச்சு, எடுத்ததற்குப் பாராட்டு.

தொலைபேசியை வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். செய்தியை எடுத்துரைப்போரை எடைபோடும் கலையை நான் மாணவர்க்குக் கற்பித்தவன். ஒருவரைக் குறை சொல்வோர் நேரில் கண்டு சொல்கிறாரா, பிறர் சொல்லக் கேட்டுச் சொல்கிறாரா என்று முதலில் பார்க்கவேண்டும். குறையென்று சொன்னால் அதன் காரணத்தையும் சொல்லவேண்டும் என்றெல்லாம் ஆண்டுதோறும் பாடம் நடத்தியவன். என் மேசையின்மேல் இருந்த ஒன்றைப் பற்றி, நேரில் அறிந்த மாணவர் சொன்னதைத் தள்ளி, நேரில் காணாத ஏளனத்தை நம்பினேன். விஸ்டாவின் மீது சொல்லப்பட்ட குறைகள் பல மெய். ஆனால் அவற்றுள் ஒன்றுகூட என் வேலையைத் தடுத்த குறையன்று. என் பொறிக்கு நினைவகம் போதவில்லை. எனக்கோ பொறுமை போதவில்லை.

ஒரு துண்டு நினைவகத்தை அன்றே வாங்கியிருந்தால், ஈராண்டில் அந்நூல் முடிந்திருக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆயினும் உஸ்தாத் அவற்றின் ஒரு பகுதியையேனும், தமிழும் அரபும் ஒரே வரியில் நிற்க, அச்சில் கண்டிருப்பார். அந்தக் கடன் என்மேல் நிற்கிறது.

பழைய தமிழெழுத்தை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் பின்னர் கிடைத்தன. தமிழ்ப் பகுதியை மீட்டேன். அரபுச் சொற்களை உஸ்தாதின் கையெழுத்துத் தாள்களைப் பார்த்து ஒவ்வொன்றாக நானே தட்டினேன். வெற்றிடங்கள் யாவும் நிரம்பின. நூலின் முகவுரையில் அந்த மாணவரின் பெயரை எழுதி, அவர் சொல்லைக் கேளாமற் போனதையும் எழுதினேன். படித்துவிட்டு, "இதை எடுத்துவிடுங்கள் ஹஜ்ரத்" என்று அவர் கெஞ்சினார். எடுக்கவில்லை.

விஸ்டாவுக்கான ஆதரவை 2017 ஏப்ரல் 11இல் நிறுவனத்தார் நிறுத்திவிட்டார்கள். அதற்கு வாதாட இன்று எவருமில்லை; தோல்விக்கு எடுத்துக்காட்டாகவே அதன் பெயர் இன்றும் வழங்குகிறது. மாணவர்கள் எவரையேனும் கேள்விப்பட்டதை வைத்துப் பழித்துப் பேசும்போது நான் அவர்களிடம் கேட்பது ஒன்றே: "நீங்கள் திறந்து பார்த்தீர்களா?" அந்தக் கேள்வியை நான் எங்கே கற்றேன் என்பதை இதுவரை அவர்களிடம் சொன்னதில்லை. இன்று எழுதிவிட்டேன்.